முதல் அன்னமும் முதல் கிண்ணமும்

தைப்பூசத் திருநாள் நெருங்குகிறது என்றாலே பினாங்கு மாநகரின் லெபோ பாசாரிலும் லெபோ பினாங்கிலும் உள்ள பாத்திரக் கடைகளில் கூட்டம் பெருகிவிடும். பால்குடம் வாங்குவோர், அர்ச்சனைத் தட்டு வாங்குவோர், குத்துவிளக்கு வாங்குவோர் எனப் பலரும் நிற்கும் அக்கடைகளில் கைக்குழந்தையோடு வரும் இளம் பெற்றோரையும் காணலாம். பிள்ளை வரம் வேண்டி, வரம் கிடைத்தபின் கரும்புத் தொட்டிலில் மகவைச் சுமந்து நேர்த்திக்கடன் செலுத்தும் குடும்பங்கள் பல, அப்பிள்ளைக்கு முதற்சோறு ஊட்டுவதையும் ஆலயத்திலேயே வைத்துக்கொள்ள விரும்புகின்றன.

ஆலயச் செயலாளர் என்ற முறையில் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் என்னிடம் அத்தாய்மார்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பிள்ளைக்குச் சோறூட்ட எந்தக் கிண்ணம் கொண்டுவர வேண்டும்? வெள்ளியா, பித்தளையா, கடையில் விற்கிற வண்ணக் கிண்ணமா?" என்பதே அது. நாளையும் நட்சத்திரத்தையும் குருக்கள் கணித்துக் கொடுத்துவிடுவார். நைவேத்தியத்தை மடப்பள்ளி கவனித்துக்கொள்ளும். கிண்ணத்தைப் பற்றி மட்டும் எடுத்துச் சொல்வார் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும், "எதுவானாலும் சரி அம்மா, சுத்தமாக இருந்தால் போதும்" என்றே பதிலளித்து வந்தேன். அந்தப் பதில் போதாது என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சியை இங்கே கூறுவது பொருத்தமாகும்.

அன்பளிப்பாக வந்த தட்டுகள்

எங்கள் ஆலயத்தில் ஒரே நாளில் பல குழந்தைகளுக்குச் சோறூட்டும் நிகழ்வு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். கொடையுள்ளம் படைத்த அன்பர் ஒருவர், குழந்தைகள் அனைவருக்கும் தட்டும் கிண்ணமும் வழங்க முன்வந்தார். பெட்டிகள் வந்து இறங்கின. மயிலும் வேலும் வண்ண வண்ணமாகப் பொறிக்கப்பட்டிருந்த அத்தட்டுகள் கண்ணைக் கவர்ந்தன. நிர்வாகக் குழுவினர் அனைவரும் மகிழ்ந்தோம்.

மாதர் பிரிவில் தொண்டாற்றும் அம்மையார் ஒருவர், தாதியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், ஒரு தட்டை எடுத்துப் பின்புறம் திருப்பிப் பார்த்தார். அதில் எழுத்து ஒன்றும் இல்லை. எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு சூடு தாங்கும், உணவுக்கு உகந்ததா என்ற குறிப்பு எதுவுமே இல்லை. "இதில்தானே ஆவி பறக்கச் சர்க்கரைப் பொங்கலை வைக்கப் போகிறோம்?" என்று அவர் அமைதியாகக் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

கொடுத்த அன்பரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். இறைவனின் சின்னம் பொறித்த தட்டில் எச்சில் படலாகாது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கூறியதை மட்டும் காரணமாகக் காட்டித் தப்பித்துக்கொள்ளவும் நினைத்தேன். ஆயினும் மனம் ஒப்பவில்லை. உண்மையைக் கூறினேன். அவர் முகம் வாடியதை இன்றும் மறக்க இயலவில்லை. "நல்ல மனத்தோடு கொடுத்ததை ஆலயமே மறுக்கலாமா?" என்று கேட்டார். நான் அவரிடம் என் குடும்பத்துக் கதையைச் சொன்னேன்.

என் அண்ணன்

எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அவரை நான் கண்டதில்லை. 1960களில் என் பெற்றோர் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருந்தனர். பிள்ளை பிறந்த சில வாரங்களிலேயே அம்மா பால் மரம் வெட்டத் திரும்ப வேண்டியிருந்தது. பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த பாலாடை ஒன்று வீட்டில் இருந்தது. அதை, "நாட்டுப்புற வழக்கம்" என்று ஒதுக்கிவிட்டு, நாகரிகம் என்று கருதிக் கண்ணாடிப் புட்டியும் ரப்பர் காம்பும் வாங்கினார்கள். டின் பாலைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊட்டினார்கள். லயத்துக்குப் பொதுவாக இருந்த ஒரே குழாயடியில்தான் அப்புட்டி கழுவப்பட்டது. எட்டாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு கண்டு அண்ணன் இறந்து போனார்.

"புட்டியின் கழுத்துக்குள் என் விரல் போகவில்லை அப்பா" என்று அம்மா தம் முதுமையில் ஒருமுறை என்னிடம் கூறினார். அந்த ஒரு வாக்கியத்தில் பெரிய மருத்துவ உண்மையே அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன். விரல் நுழையாத இடத்தில் கிருமி நுழையும்.

நான் பிறந்தபோது பாட்டி யார் சொல்லையும் கேட்கவில்லை. அம்மா பீய்ச்சி வைத்துவிட்டுப் போகும் தாய்ப்பாலைப் பாலாடையில் ஊட்டியே என்னை வளர்த்தார்.

பினாங்கிலிருந்து எழுந்த குரல்

என் அண்ணனுக்கு நேர்ந்தது அந்நாளில் இந்நாட்டில் பல வீடுகளில் நேர்ந்ததே. 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் உரையாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்மார்களிடம் விற்பதைக் கொலைக்கு ஒப்பானது என்று கண்டித்தார். "பாலும் கொலையும்" என்பதே அவ்வுரையின் தலைப்பு. பல்லாண்டுகளுக்குப் பின் 1986இல் அவ்வுரை நூலாக வெளியிடப்பட்டது நம் பினாங்கில்தான்.

அது தற்செயலானதன்று. குழந்தை உணவு வணிகத்தை நெறிப்படுத்த உலக அளவில் நடைபெற்ற போராட்டத்தில் இத்தீவுக்குப் பெரும் பங்குண்டு. அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்பு தன் வட்டார அலுவலகத்தைப் பினாங்கில் வைத்திருந்தது. அங்கிருந்து பணியாற்றிய அன்வார் ஃபசால் முதலானோரின் முயற்சியால் 1979 அக்டோபரில் ஜெனீவாவில் அனைத்துலகக் குழந்தை உணவு நடவடிக்கைக் கூட்டமைப்பு தோன்றியது. 1981 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கான நெறிமுறையை 118 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றே ஒன்று. அந்நெறிமுறை பால் மாவை மட்டுமன்றிப் பால் புட்டியையும் ரப்பர் காம்பையும் கட்டுப்படுத்துகிறது என்பது கவனிக்கத்தக்கது. 1991 பிப்ரவரி 14ஆம் நாள் தோன்றிய தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டணியின் செயலகமும் பினாங்கில்தான் அமைந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் கொண்டாடப்படும் உலகத் தாய்ப்பால் வாரம் அக்கூட்டணி 1992இல் தொடங்கி வைத்ததாகும்.

பாலாடையின் பெருமை

இனி, பாட்டியின் பாலாடைக்கு வருவோம். சிலர் இதைச் சங்கு என்பர். சிலர் சங்கடை என்பர். சிறு அகல் விளக்கைப் போன்ற வடிவமும், ஒரு பக்கம் நீண்டு குவிந்த மூக்கும் உடையது. மூடியில்லை, குழாயில்லை, மறைவிடம் ஏதுமில்லை. உள்ளும் புறமும் ஒரே பார்வையில் தெரியும். ஒரு விரலால் முழுதும் தேய்த்துக் கழுவலாம்.

1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பிறந்த குழந்தைகளுக்குப் புட்டி, கோப்பை, பாலாடை ஆகிய மூன்றினாலும் பாலூட்டி ஒப்பிட்டுப் பார்த்தனர். பாலாடையில் ஊட்டியபோது குழந்தைகள் குறைந்த நேரத்தில் கூடுதலான பாலைப் பருகின. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, எடை குறைந்து பிறந்து தாயிடம் நேரே பாலருந்த இயலாத குழந்தைகளுக்குக் கோப்பையாலோ பாலாடையாலோ கரண்டியாலோ ஊட்டலாம் என்கிறது. பாலாடை என்ற நம் தமிழ்ச் சொல்லையே அவ்வழிகாட்டி எடுத்தாள்கிறது. நாட்டுப்புற வழக்கம் என்று என் பெற்றோர் ஒதுக்கிய பொருள் இன்று உலக மருத்துவத்தில் இடம்பெற்றுவிட்டது.

எனினும் ஓர் எச்சரிக்கை. பிள்ளையைக் காலில் மல்லாக்கக் கிடத்தி, வாயைத் திறந்து ஊற்றும் பழைய முறை தவறானது. பால் மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். பிள்ளையைச் சற்று நிமிர்த்தி வைத்து, மூக்கை உதட்டில் பொருத்தி, அது தானே உறிஞ்சும் அளவுக்கே சாய்க்க வேண்டும்.

பித்தளையும் ஈயமும் வெள்ளியும்

பாலாடையின் வடிவத்தைப் போற்றும் நான், அதன் உலோகத்தைப் பற்றி வேறு விதமாகக் கூற வேண்டியுள்ளது. பாட்டியின் பாலாடை பித்தளையால் ஆனது.

இந்தியாவில் ஒரு காலத்தில் இளங்குழந்தைகளின் ஈரலைத் தாக்கி உயிரைப் பறித்த நோய் ஒன்று இருந்தது. நோயுற்ற குழந்தைகளின் ஈரலில் செம்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. 1980களில் பூனா நகரில் ஆராய்ந்த மருத்துவர்கள், அக்குழந்தைகளில் மிகப் பலர் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைச் சிறு வயதிலேயே பருகியவர்கள் என்று கண்டனர். பால் செம்பை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் தன்மையுடையது. வீடுகளில் எவர்சில்வர் பாத்திரங்கள் புழக்கத்துக்கு வந்தபின் அந்நோய் மிகவும் அரிதாகிவிட்டது.

ஈயம் பூசினால் ஆகாதா என்று சிலர் கேட்பர். முறையாகப் பூசப்பட்ட ஈயம் செம்பைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் பூச்சு தேய்ந்தால் பயனில்லை. மேலும், ஈயம் என்று நாம் பொதுவாகக் கூறுவது இரண்டு உலோகங்கள். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பூசுவதற்குரியது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்துவிட்டால் பெருங்கேடு விளையும். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவே அதற்கு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பார்த்து வேறுபாடு அறிய நம்மால் இயலாது. ஆகவே பித்தளையும் ஈயம் பூசியதும் பூசையறையில் இருக்கட்டும். பிள்ளையின் வாய்க்கு வேண்டாம். உட்புறம் வண்ணம் தீட்டிய மலிவான பீங்கானிலும் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் அதையும் தவிர்ப்பது நன்று.

வெள்ளிக் கிண்ணம் தாய்மாமன் சீராக வருவது. அதைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் வேலைப்பாடு இல்லாத வழவழப்பான கிண்ணமாகத் தேர்ந்தெடுங்கள். பூவும் கொடியும் செதுக்கிய இடுக்குகளில் நெய்யும் பருப்பும் தங்கும். வெள்ளி சூட்டை உடனே கடத்துவது. பொங்கல் ஆறியபின்பே அதில் இடவேண்டும். வசதி இல்லாதவர்கள் வெள்ளிக்காகக் கடன்படத் தேவையே இல்லை.

வண்ணத் தட்டுகளின் மறுபக்கம்

நெகிழிப் பொருள்களில் மூன்றினைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பாலிகார்பனேட் என்னும் கண்ணாடி போன்ற கடின நெகிழி. இதிலிருந்து பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் கசியக்கூடும் என்பதால், மலேசியாவில் 2012 மார்ச் முதல் நாளிலிருந்து பால் புட்டிகளில் அது தடை செய்யப்பட்டுள்ளது. ஐரோப்பிய நாடுகள் 2011இலேயே தடை செய்தன. வீட்டில் பழைய புட்டிகளோ கீறல் விழுந்த கோப்பைகளோ இருந்தால், அக்காள் பிள்ளைக்குப் பயன்பட்டது என்று எடுத்து வைக்க வேண்டாம்.

இரண்டாவது மெலமின். எங்களுக்கு வந்த தட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை என்றே அந்த அம்மையார் கருதினார். கனமாகவும் பளபளப்பாகவும் இருக்கும், எளிதில் உடையாது. ஆனால் சூடும் புளிப்பும் பட்டால் மெலமின் உணவில் இறங்கும். தைவானில் மெலமின் கிண்ணத்திலும் பீங்கான் கிண்ணத்திலும் சூடான மீ சூப் உண்டவர்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவில், மெலமின் கிண்ணத்தில் உண்டவர்களின் சிறுநீரில் அப்பொருள் மிகுதியாக இருந்தது தெரியவந்தது. பிஸ்கட்டும் பழமும் வைத்துக்கொடுக்க இத்தட்டு போதும். கொதிக்கும் கஞ்சியும் ரசமும் இதில் ஊற்றக்கூடாது. மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது.

மூன்றாவது, மூங்கில் தட்டு என்ற பெயரில் விற்கப்படுவது. இயற்கைப் பொருள் என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். மூங்கில் தூளை மெலமினோடு கலந்து வார்த்தவை இவற்றுள் பல. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இத்தகைய பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே மேற்கொண்டது.

எதை வாங்கலாம்?

குறை கூறிக்கொண்டே போவதில் பயனில்லை. கடைக்குச் செல்லும் பெற்றோர் கையோடு கொண்டு செல்லத்தக்க குறிப்புகளை இங்கே தருகிறேன்.

கிண்ணம்: பின்புறம் 18/8 அல்லது 304 என்று பொறித்த எவர்சில்வர் கிண்ணம் போதும். ஒரே தகட்டில் அமைந்து, உட்புறம் வளைவாக, மூலை முடுக்கு இன்றி இருக்க வேண்டும். இருமடிப்பு கொண்டதாயின் இடையில் நீர் புகாததா என்று கவனியுங்கள். 250 மில்லி லிட்டர் கொள்ளும் அளவே பொருத்தம். ஆறாம் மாதத்தில் இரண்டு மூன்று மேசைக் கரண்டியில் தொடங்கி, ஒன்பதாம் மாதத்தில் அக்கிண்ணத்தில் பாதி, ஓராண்டு கடந்தபின் முக்காலிலிருந்து முழுக் கிண்ணம் என்பது ஒரு வேளைக்கான பொதுக் கணக்கு. பிள்ளைக்கெனத் தனிக் கிண்ணம் இருந்தால்தான் அது எவ்வளவு உண்டது என்று தாய்க்குத் தெரியும்.

கரண்டி: சிறியதாகவும் ஆழமின்றியும், விளிம்பு கூர்மையற்றும் இருத்தல் வேண்டும். பல் முளைக்கும் பிள்ளைக்கு மென்மையான சிலிக்கோன் கரண்டி நன்று. கடித்துக் கிழிந்தால் உடனே மாற்றுங்கள். உணவு கரண்டியில் நிற்குமளவு குழைவாக இருக்க வேண்டும். சாய்த்ததும் வழிந்தோடும் கஞ்சியில் சத்துக் குறைவு.

குவளை: ஆறாம் மாதத்திலிருந்தே திறந்த சிறு குவளையில் பருகப் பழக்கலாம். சிந்தாத மூடிக் குவளைகளில் உள்ள சிறு அடைப்பானுக்குள் பால் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதைத் தனியே கழற்றிக் கழுவ இயலாதென்றால் அக்குவளையை வாங்கவே வேண்டாம். மேசையில் ஒட்டும் கிண்ணத்தின் அடிப்பகுதிக்கும் இதே விதிதான்.

புட்டி: எல்லாத் தாய்மார்களுக்கும் தாய்ப்பால் கொடுக்கும் வாய்ப்பு அமைவதில்லை. புட்டியை நாடுவோரைக் குற்றம் கூறுவது என் நோக்கமன்று. அத்தகையோர் அகன்ற வாயுள்ள புட்டியைத் தேர்ந்து, தூரிகையால் தேய்த்துக் கொதிநீரில் இட்டு எடுக்க வேண்டும். பால் மாவு கிருமியற்ற பொருளன்று. ஆதலால் 70 பாகைக்குக் குறையாத சூடுள்ள நீரில் கரைத்து, ஆற்றிய பின்பே ஊட்ட வேண்டும். தூளியில் கிடக்கும் பிள்ளையின் வாயில் புட்டியை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது மூச்சுத் திணறலுக்கும் பற்சொத்தைக்கும் வழி வகுக்கும். ஒன்றரை வயதுக்குள் புட்டியை முற்றிலும் நிறுத்திவிடுவது நல்லது.

இவை எதுவும் கிடைக்காவிடில் கவலை வேண்டாம். கழுவிய வாழையிலையை விடத் தூய்மையான தட்டு வேறில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் சோறூட்டல் நடைபெறும் குருவாயூரில் இன்றும் வாழையிலையில்தான் அன்னம் பரிமாறப்படுகிறது.

சோறூட்டும் நாளன்று

ஆறு மாதம் நிறைவதற்கு முன் திட உணவு வேண்டாம் என்பது மருத்துவர் அறிவுரை. நம் முன்னோர் ஆறாம் மாதத்தில் அன்னமூட்டியதோடு இது நன்கு பொருந்துகிறது. பொங்கலை ஆற வைத்து, தாயார் தம் உதட்டில் அன்றி மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டட்டும். பஞ்சாமிர்தத்தில் தேன் சேர்வது வழக்கம். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கடும் நோயை உண்டாக்கக்கூடும் என்பதால், அதைப் பிள்ளையின் நாவில் தடவாமல் பெற்றோர் உண்பதே முறை. சுண்டல், கச்சான் முதலியவற்றைக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உறவினர் பத்துப் பேரும் ஊட்ட விரும்பினால், அவரவர் கை கழுவி, ஆளுக்கு ஒரு பருக்கை போதும். பிள்ளை முகத்தைத் திருப்பினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவையும் கேட்ட அந்தக் கொடையாளர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. மறு வாரம் அவரே கடைக்குச் சென்று, ஒவ்வொரு கிண்ணத்தையும் திருப்பிப் பார்த்து வாங்கி வந்தார். எவ்வித வண்ணமும் இல்லாத எவர்சில்வர் கிண்ணங்கள். "இதில் எதுவும் எழுதவில்லை ஐயா. என் பெயரும் வேண்டாம்" என்றார். அன்று அக்கிண்ணங்களில் சோறுண்ட பிள்ளைகள் இப்போது பள்ளிக்குச் செல்கின்றனர்.

இவ்வாண்டு என் பேத்திக்குச் சோறூட்டல். அவளுக்காக ஓர் எவர்சில்வர்க் கிண்ணமும் சிறு கரண்டியும் வாங்கி வைத்துள்ளேன். பாட்டியின் பித்தளைப் பாலாடை பூசையறையில், அம்மாவின் படத்தருகே இருக்கிறது. புதிய கிண்ணம் வாங்கும்போது அதன் உட்புறம் முழுவதையும் என் விரலால் தடவிப் பார்த்தேன். விரல் எட்டாத இடம் அதில் இல்லை.

பெற்றோர்களும் கொடையாளர்களும் பிள்ளைகளுக்கென ஒரு பாத்திரம் வாங்குமுன் அதைப் பின்புறம் திருப்பிப் பார்க்குமாறும், உள்ளே விரலை விட்டுப் பார்க்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.